நாலாம் ஜொரமும் டிரம்ஸ் அடிக்கிற பெண்ணும்

எனக்குப் பிடித்த இசைக்குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பத்தில் ஒன்பது பேர் "யாரு அவங்க?" என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம் வரும். மீதி ஒருவர் "அவங்களோட முதல் ஆல்பம்தான் பெஸ்ட்" என்பார். அதற்கு இன்னும் கோபம் வரும். முதல் ஆல்பம் நல்ல ஆல்பம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதை ஒழுங்காகக் கேட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மொத்தம் நான்கு பேர். பாட ஒரு பெண், கிடாருக்கு ஒருவர், பேஸ் கிடாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒரு பெண். சென்னையில் ஏதோ ஒரு மொட்டைமாடி அறையில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். நல்ல ஹெட்செட் போட்டுக் கேட்டால் மின்விசிறி சுற்றும் சத்தம்கூட உள்ளே இருக்கும். தண்ணி லாரி வராத தெருவைப் பற்றி ஒரு பாட்டு, செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று ஒரு பாட்டு. காதல் பாட்டே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அதில் காதலன் வரமாட்டான். பஸ்தான் வரும். சினிமாவுக்கு இவர்கள் பாடியதில்லை. அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

நான் இருப்பது பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் வழியில் ஒரு ஊரில். இரண்டு ஏக்கர் மல்பெரி, ஒரு புழு ஷெட். பட்டுப்புழு வளர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கணவர் பஸ் டிரைவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஒருநாள் தழை வெட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் தானாக அடுத்தது ஓட ஆரம்பித்தது. கையெல்லாம் தழைப் பால், மாற்ற முடியவில்லை. அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த டிரம்ஸ்.

டிரம்ஸ் என்றால் எனக்கு அதுவரை கல்யாண மண்டபத்து டிரம்ஸ்தான் தெரியும். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை விடாது. இந்தப் பெண் அடித்தது ரொம்பக் கொஞ்சம். அடிக்க வேண்டும் என்று நாம் காத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அடிக்கமாட்டாள். விட்டுவிட்டு, நாம் மறந்த நேரத்தில் ஒரே ஒரு அடி. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து முழுதும் கேட்டேன். அன்று புழுவுக்குத் தழை போடத் தாமதமானது. அதுதான் தொடக்கம்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்களைத் தேடிப் பிடித்தேன். கேரளத்து ஆட்கள் மூன்று பேர் காது கிழியக் கிடார் வாசிப்பார்கள், களை எடுக்க அதுதான் சரி. வடகிழக்கிலிருந்து ஒரு பெண் தனியாகப் பாடுவாள். பாஷை புரியாது, ஆனாலும் மழை நாளில் அவளைத்தான் போடுவேன். பெங்களூரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஊரே புகழ்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. எங்கெங்கோ நடக்கும் இசைத் திருவிழாக்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எந்த மைதானத்தில் ஒலி நன்றாக இருக்கும், எந்த மேடையில் பாடகியின் குரல் அமுங்கிப் போகும் என்று போகாமலே எனக்குத் தெரியும். ஆனால் சுற்றிச் சுற்றி நான் வந்து நிற்பது அந்த நால்வரிடம்தான். அவர்களிலும் அந்தப் பெண்ணிடம்தான். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் நான் எழுதுவேன். ஒருமுறை அவள் பதிலுக்கு ஒரு இதயம் போட்டாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஷெட்டில் எனக்குக் கூட்டு என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதை நெருங்குகிறார், பக்கத்து வீடு. நானும் அவரும் ஒரே ஷெட்டில் சேர்ந்து புழு வளர்க்கிறோம். முதல்முறை நான் ஸ்பீக்கர் கொண்டுபோய் வைத்தபோது, "புழுவுக்கு ஆவுமா இது?" என்று மட்டும் கேட்டார். தெரியாதுங்க என்றேன். அந்த முறை பட்டுக்கூடு கல் மாதிரி கெட்டியாக வந்தது. அதோடு அவர் எதுவும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக ஸ்பீக்கர் அங்கேயேதான் இருக்கிறது. அண்ணி பாட்டைக் கேட்கிறாரா, காதில் விழுகிறதா என்றுகூட நான் யோசித்ததில்லை. தழை போடுவார், குப்பை கூட்டுவார், போய்விடுவார்.

போன குளிர்காலத்தில் அந்தச் செய்தி வந்தது. பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் இரண்டு நாள் இசைத் திருவிழா. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் நால்வர். கூடவே இன்னொரு வரி: டிரம்ஸ் வாசிப்பவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார், குழுவோடு அவர் வாசிக்கும் கடைசி நிகழ்ச்சி இதுதான்.

நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. இதை விட்டால் இனிமேல் கிடையாது.

தனியாகப் போவதற்கு வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அண்ணியின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணியைச் சம்மதிக்க வைத்தேன். மைதானத்தைப் பற்றியும் சொன்னேன். "சரி, வரன்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது புழு. பட்டுப்புழு வளரும்போது நான்கு முறை சாப்பிடாமல் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்து தோல் உரிக்கும். எங்கள் பக்கத்தில் அதை ஜொரம் என்போம். நாலாம் ஜொரம் ஒரு நாளுக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் தழை போடக் கூடாது, தொடக் கூடாது, சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். பட்டுப்புழுக்காரர்களுக்கு லீவு என்று ஒன்று உண்டென்றால் அது நாலாம் ஜொரம்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போவதானாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் அதைப் பார்த்துத்தான் போவார்கள். நான் விரல் விட்டு எண்ணி, சனிக்கிழமை நாலாம் ஜொரம் விழும்படி குட்டிப் புழுவை வாங்கி ஷெட்டில் இறக்கினேன். இவ்வளவு கச்சிதமாக எவனும் திட்டம் போட்டிருக்கமாட்டான் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம் குளிர் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வெயிலே இல்லை, தூறல் வேறு. குளிரில் புழு மந்தமாகும், தின்பது குறையும், ஜொரம் தள்ளிப் போகும். புதன்கிழமை காலை புழுவைப் பார்த்தேன். ஒரு நாள் பின்தங்கியிருந்தது. இப்படியே போனால் சனிக்கிழமை தூங்கப் போகும் முன் கடைசித் தீனியில் இருக்கும், ஞாயிறுதான் ஜொரத்தில் படுக்கும்.

அப்போது நான் செய்த காரியத்தை வேறு ஊரில் யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஒரு டிரம்ஸ்காரிக்காகப் பட்டுப்புழுவை அவசரப்படுத்தினேன். அண்ணி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஷெட்டின் உள் கோடியில் கரி அடுப்பை வைத்தேன். புதன் சாயங்காலமும் வைத்தேன், வியாழனும் வைத்தேன். அண்ணி வரும் முன் அடுப்பை வெளியே எடுத்துச் சாம்பலையும் கொட்டிவிடுவேன். சூடு ஷெட் முழுக்கப் பரவும் என்று நினைத்தேன். இருபது வருஷமாகப் புழு வளர்க்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கதவுப் பக்கம் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. உள் கோடி ரேக்கில் புழு மொத்தமும் தலையைத் தூக்கி ஜொரத்தில் கிடந்தது. கதவுப் பக்கத்து ரேக்கில் புழு மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தது. நடுவில் இருந்தவற்றில் பாதி இப்படி, பாதி அப்படி. ஒரே நாளில் இறக்கிய புழு இப்படி ஏற்ற இறக்கமாக இருந்தால் அதைவிடத் தலைவலி கிடையாது. தூங்குவதன் மேல் தழை விழுந்தால் புழுங்கிச் சாகும். முழித்துக்கொண்டதைப் பட்டினி போட்டால் கூடு மெலிந்துபோகும்.

அண்ணி உள் கோடிக்குப் போய்க் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். நான் கழுவாமல் விட்ட கரித்தடம்.

"ஏம்மா, அடுப்பு வச்சியா?"

"வச்சனுங்க."

"என்னாத்துக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, நாலு மணி, கடைசி நிகழ்ச்சி. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் போவ முடியாது. ஒருத்தர் இருக்கோணும். எந்த வரிசைக்கு எப்ப சூடு பட்டுச்சு, எது எப்ப படுத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

நியாயம்தான். ஆனால் நியாயத்தை யார் கேட்டார்கள்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம் எப்படி என்றால், இந்த மாதிரி நேரத்தில் நான் கோபித்துக்கொள்வேன், அண்ணி இறங்கி வருவார், "சரி போ, நான் பாத்துக்கறன்" என்பார். பதினைந்து வருஷமாக அப்படித்தான். அதை நம்பித்தான் அன்றும் கத்தினேன்.

"நானே இருக்கறனுங்க. நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம். டிக்கெட்டு வீணாப் போனா போவுது!"

"எதுக்கு வீணாப் போவணும்? நான் போறன்."

எனக்குப் புரியவில்லை. "எங்கங்க போறீங்க?"

"பாட்டுக்குத்தான். அந்தப் புள்ள டிரம்ஸ் அடிக்கறத நானும் பாக்கோணும்" என்றார். தின்னுகிற ரேக்குக்குத் தழை எடுக்க வெளியே போய்விட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மூன்று வருஷம் நான் போட்ட பாட்டு. நான் கண்டுபிடித்த பெண். இவருக்கு அவளைப் பார்க்கும் ஆசை எப்படி வந்தது? அப்புறம்தான் உறைத்தது. நான்தானே தினமும் புலம்பியிருக்கிறேன். தழை போட்டுக்கொண்டே மணிக்கணக்காக அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். யாரிடம் பேசியதாக நினைத்தேன்? புழுவிடமா?

சனிக்கிழமை விடியலில் அண்ணி கிளம்பினார். நல்ல புடவை, தோளில் பை, பையில் மகளுக்குக் கொள்ளுப் பயறும் நிலக்கடலையும். டிக்கெட்டை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தருமபுரி ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் போன் செய்தார். "சன்னலோரம் கெடச்சிருச்சு" என்றார். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று பகல் முழுக்க உள் கோடிப் புழு ஒவ்வொன்றாகப் பழைய தோலை விட்டு வெளியே வந்தது. கதவுப் பக்கத்துப் புழு அப்போதுதான் தூங்கப் போயிற்று. நான் நடுவரிசையில் துணி கட்டிப் பிரித்து, முழித்தவற்றைக் கொழுந்துத் தழையில் ஏற்றி எடுத்து வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரைப் போடவில்லை. மணி நான்கு ஆயிற்று. அங்கே ஆரம்பித்திருப்பார்கள். எந்தப் பாட்டை முதலில் எடுத்திருப்பார்கள்? அவள் என்ன சட்டை போட்டிருப்பாள்? நாலே முக்காலுக்கு முடிந்திருக்கும். முடிந்தது என்று நினைத்ததும் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து தழை போட்டேன்.

ஞாயிறு காலை அண்ணி திரும்பி வந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஷெட்டுக்கு வந்து புழுவைத்தான் முதலில் பார்த்தார். "பரவால்ல, பிரிச்சிட்ட" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தழைக் கட்டைப் பிரித்தார். கேட்கக் கூடாது என்ற வைராக்கியம் ஒரு தட்டு முடியும்வரைதான் தாங்கியது.

"எப்புடி இருந்துச்சுங்க?"

அவர் சொன்னதை நான் எழுதத்தான் வேண்டும். அந்த நிகழ்ச்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அண்ணி கேட்ட மாதிரி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள செருப்பக் கழட்டி வச்சிட்டுத்தான் உக்காந்தா. ரொம்ப ஒல்லி. தண்ணி லாரி பாட்டத்தான் மொதல்ல எடுத்தாங்க, ஆனா மெதுவா. போன்ல கேக்கறப்ப வர்ற வேகம் இல்ல. கிடாருக்காரரு அவசரப்படறாரு, இவ விடமாட்டா. மாட்ட இழுத்துப் புடிக்கற மாதிரி புடிச்சு வச்சிருக்கா."

இரண்டாவது ஆல்பத்தின் ஆறாவது பாட்டில் அவள் திடீரென்று நிறுத்திவிடும் ஒரு இடம் உண்டு. அந்த இடைவெளியை நான் எத்தனையோ முறை விரலில் எண்ணியிருக்கிறேன். ஆல்பத்தில் ஒரு கணக்கு வரும், ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு கணக்கு வரும். அதைக் கேட்டேன்.

"அவ எங்க எண்ணறா? பாடற புள்ளயத்தான் பாத்துக்கிட்டிருக்கா. அது மூச்சு இழுத்து முடிக்கோணும், அப்பறந்தான் அடிக்கறா. நேத்து பாடற புள்ளைக்கு அழுவ வந்திருச்சு, மூச்சே எடுக்கல. இவ குச்சியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்கா. அத்தன சனமும் கம்முனு நிக்குது. அது மூச்சு எடுத்ததுக்கு அப்பறந்தான் உட்டா."

என் கையில் இருந்த தழை அப்படியே நின்றது. மூன்று வருஷம் நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இவர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். நான் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பேனா? போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அவள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்த்திருக்கமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

"முடிஞ்சதும் என்னங்க பண்ணுனா? எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுதாங்களா?"

"அதெல்லாம் தெரியல. நான் மேடைக்குப் பின்பக்கமா போனன். வாசல்ல ஒரு ஆளு நிறுத்துனான், கன்னடத்துக்காரன். 'சொல்ப பிடப்பா, நம் ஹுடுகி'ன்னன், உட்டுட்டான்."

கொஞ்சம் விடப்பா, நம்ம பொண்ணு என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், அண்ணிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எனக்கு வயிறு எரிந்தது.

"உள்ள போனா அவளே ஒண்டியா சாமானக் கழட்டி மூட்ட கட்டிக்கிட்டிருக்கா. பெரிய டிரம்ம தூக்க முடியாம தூக்கறா. நான் போயி ஒரு பக்கம் புடிச்சன். வண்டி வரைக்கும் ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போனம்."

அந்த டிரம்மை. அதை இவர் கையால்.

"என்னங்க பேசுனீங்க அவகிட்ட?"

"என்னா பேசறது? கனமா இருக்குதேம்மான்னன். ஆமாங்கக்கான்னா."

"அவ்வளவுதானா? என்னைப் பத்திச் சொல்லலியா?"

"தோணல" என்றார் அண்ணி.

அன்று பொழுது சாயும்வரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறாமைதான், வேறென்ன. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஷெட்டில் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டாவது ஆல்பத்தை வைத்துவிட்டுத் தழை போட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது பாட்டு வந்தது. அந்த இடைவெளியில் இரண்டு பேருமே கையை நிறுத்தினோம். இம்முறை நான் எண்ணவில்லை. பாடுகிறவள் மூச்சு எடுக்கும் சத்தம், இத்தனை நாள் என் காதில் விழாதது, தெளிவாகக் கேட்டது.